அக்டோபர் 1 மட்டும் போதாது

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். அதையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் என்று கல்லூரி மாணவர் அமைப்புகள் முகாம் நடத்துகின்றன. மறுநாள் இத்தனை யூனிட் சேர்ந்தது என்று படத்தோடு செய்தி வருகிறது. ஊசிக்கு அஞ்சாமல் கை நீட்டும் பிள்ளைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒருநாள் எண்ணிக்கையோடு கடமை முடிந்ததாகக் கருதும் நிர்வாகங்களோடுதான் நமக்கு வழக்கு.

வழக்கமான பையில் சேமித்த சிவப்பணுக்கள் 35 நாள் தாங்கும். கூடுதல் பாதுகாப்புக் கரைசல் சேர்த்தால் 42 நாள். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். ஒரே வாரத்தில் எல்லாக் கல்லூரிகளும் கொண்டுவந்து குவித்தால் அதில் ஒரு பகுதி வீணாகும் அபாயம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் விடுமுறையும் வந்து விடுதிகள் காலியாகின்றன. ரத்த வங்கிகள் திண்டாடுகின்றன. பிரசவமும் சாலை விபத்தும் விடுமுறை பார்த்து வருவதில்லை. தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும்.

ரத்தத்தை விலைக்கு விற்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. 1998 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. நோயாளியின் உறவினரிடம் ஈட்டு ரத்தம் கேட்கும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் தேசிய ரத்தக் கொள்கை சொன்னது. ஆனாலும் "ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்ற குரல் ஓயவில்லை. ஊரில் ஆளில்லாத குடும்பம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவை நாடுகிறது. நள்ளிரவில் விடுதியிலிருந்து பைக்கில் கிளம்பிப் போகும் மாணவனைப் பாராட்டிச் சுவரொட்டி ஒட்டுகிறோம். கையிருப்பு வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு என்பதை அந்தப் பாராட்டில் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கட்டாயத்தில் ஆபத்தும் இருக்கிறது. 2018இல் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. உறவினருக்காக ஓர் இளைஞர் கொடுத்த ரத்தம் அது. அதற்கு ஈராண்டு முன்பு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தது. தகவல்தான் அவரை எட்டவில்லை. பிறகு தானாகவே அறிந்து, மருத்துவமனைக்குச் சொன்னவரும் அவர்தான். வருகைப் பதிவு, அக மதிப்பெண், துறைக்கு இத்தனை பேர் என்ற இலக்கு என எதைக் காட்டி வரிசையில் நிறுத்தினாலும், மாணவன் கேள்விப் படிவத்தில் உண்மையை எழுதத் தயங்குவான். பரிசோதனையில் தப்பக்கூடிய தொடக்கநிலைத் தொற்றைத் தடுக்க அந்த உண்மை ஒன்றே வழி. ஆகவே, 'இன்று வேண்டாம்' என்று காரணம் சொல்லாமல் விலகும் உரிமை எல்லா முகாமிலும் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவு கொடையாளரிடம் ரகசியமாக, தவறாமல் சேர வேண்டும்.

ஹீமோகுளோபின் 12.5 கிராம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் மாணவியருக்கு என்ன செய்கிறோம்? தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ள நிலையில், ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து வழியனுப்புவது அலட்சியம். அங்கேயே மருத்துவ ஆலோசனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்க வேண்டும்.

ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் ரத்தம் தரலாம். ஒரு மாவட்டத்தின் கல்லூரிகளுக்கு மாதவாரியாகத் துறைகளைப் பிரித்துக் கொடுத்தால் ஆண்டு முழுதும் வரத்து சீராகும். இதை மாணவர்களே திட்டமிட்டு நடத்துவார்கள். அவர்களுக்குத் தேவை ரத்த வங்கியின் அன்றாட இருப்புக் கணக்கு. அதை மக்கள் நல்வாழ்வுத் துறை தர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஈட்டு ரத்தம் கேட்பதை நிறுத்த வேண்டும். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் மாணவரை அந்தந்த மாவட்ட அரசு மருத்துவமனையோடு இணைக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு நாட்காட்டியை அச்சிடும் முதல்வர்கள் மார்ச் கடைசி வாரத்திலும் ஒரு முகாமைக் குறிக்கட்டும். அன்று எடுக்கும் சிவப்பணுக்கள் மே முதல் வாரம் வரை பயன்படும்.