விருந்தினர் வரும் ஊரில் விளைநிலம் யாருடையது? ஊரகச் சுற்றுலா எழுப்பும் கேள்விகள்

புது தில்லி:

விவசாயக் கிராமங்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கும், புதிதாகக் குடியேற விரும்புவோருக்கும், தொழில் நிறுவனங்களுக்கும் அறிமுகப்படுத்தும் திட்டங்களை மத்திய, மாநில அரசுகள் அடுத்தடுத்து அறிவித்து வருகின்றன. சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டி, வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்போருக்கு முத்ரா கடன், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றால் கிராமத்தின் பெயர் வெளியே தெரிய வருகிறது என்பதில் ஐயமில்லை. பெயர் தெரிந்த பின்னர் அவ்வூர் விவசாயியின் கையில் நிலமும், விளைபொருளுக்கு விலை சொல்லும் உரிமையும் எஞ்சியிருக்கின்றனவா என்பதே கேள்வி. அதற்கான விடையின் ஒரு பகுதி தலைநகரிலேயே, புசா ரோட்டிற்கும் அரியானா எல்லைக்கும் இடையே கிடைக்கிறது.

பீகாரிலிருந்து வந்த பெயர்

புசா ரோட்டில் நடப்பவர்களுக்கு அப்பெயர் பீகாரின் ஒரு கிராமத்துடையது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்காது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் வழங்கிய நிதியைக் கொண்டு 1905-ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 ஜனவரியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936-இல் தில்லிக்கு மாற்றப்பட்டபோது ஊர்ப் பெயரும் உடன் வந்துவிட்டது. இன்று அச்சாலையில் மெட்ரோ ரயிலின் நீலத் தடமும், பயிற்சி மையங்களும், விடுதிகளும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உள்ளன. வயல் என்று சொல்லத்தக்கது எதுவும் சாலையில் கண்ணில் படாது. ஆனால் அருகிலேயே, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்திற்குள், நாட்டின் கோதுமை, பாசுமதி ரகங்கள் பல உருவான சோதனை வயல்கள் இருக்கின்றன.

பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி இவ்வளாகத்தில் நடைபெறும் புசா வேளாண் அறிவியல் திருவிழாவிற்குப் பல மாநிலங்களிலிருந்தும் விவசாயிகள் வருகின்றனர். இயந்திரக் காட்சியையும் கருத்தரங்கையும்விட அவர்களை இழுப்பது விதை விற்பனைக் கூடமே. புதிய ரக விதைப் பைகளோடு ஊர் திரும்பும் அவர்களும் ஒரு வகையில் சுற்றுலாப் பயணிகள்தாம். கிராமம் நகரத்திற்கு வந்து தனக்கு வேண்டியதை வாங்கிச் செல்கிறது. இதன் எதிர்த்திசையில், நகரத்தைக் கிராமத்திற்கு அழைத்துச் செல்லும்போது கணக்கு எப்படி மாறுகிறது என்பதற்கு ஜௌந்தி என்ற கிராமத்தைப் பார்க்கலாம்.

விதைக் கிராமம்

வடமேற்குத் தில்லியில் அரியானா எல்லையை ஒட்டி உள்ளது ஜௌந்தி. 1960-களில் மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமை ரகங்கள் புசா வளாகத்தில் சோதிக்கப்பட்டபோது, அந்நிறுவனத்தின் விஞ்ஞானியாக இருந்த, கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனும் அவரது குழுவினரும் ஒரு நடைமுறைச் சிக்கலை எதிர்கொண்டனர். ரகம் கிடைத்துவிட்டது, அதைப் பெருக்கித் தருவதற்கு யார் இருக்கிறார்கள்? அரசுப் பண்ணைகள் மட்டும் அதற்குப் போதாது. எனவே விதை உற்பத்தியை ஒரு கிராமத்திடமே ஒப்படைக்க முடிவெடுத்து ஜௌந்தியைத் தேர்ந்தனர். கலப்புச் செடிகளைக் களைவது, அறுவடையைத் தனியாகப் பிரிப்பது, ஈரப்பதம் குறைத்துச் சேமிப்பது ஆகியவற்றில் விவசாயிகள் பயிற்சி பெற்றனர். கோதுமை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் கவனமுள்ள விவசாயியின் வயலிலேயே தரமான விதை எடுக்க இயலும். ஜவஹர் ஜௌந்தி விதைக் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

தானியமாக விற்றால் கிடைத்திருக்கும் விலையைவிட விதையாக விற்றதில் கூடுதல் வருவாய் கிடைத்தது. வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். அடுத்த பருவத்தில் தங்கள் வயலில் விதைக்க வேண்டியவர்கள். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதியானது. 1964-65-இல் ஏறத்தாழ 1.23 கோடி டன்னாக இருந்த நாட்டின் கோதுமை உற்பத்தி, 1967-68-இல் 1.65 கோடி டன்னைத் தாண்டியது. 1968-இல் 'கோதுமைப் புரட்சி' அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. இவ்வளர்ச்சியில் உரத்திற்கும், பாசனத்திற்கும், கொள்முதல் விலைக்கும் பெரும் பங்குண்டு. ஜௌந்தி மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகிவிடும். ஆயினும் ஒரு கிராமத்தை நாட்டிற்கு அறிமுகப்படுத்துவதற்கு இதைவிடச் சிறந்த முறை அன்று இருந்ததாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் இதே கிராமம் நாடாளுமன்ற உறுப்பினர் முன்மாதிரிக் கிராமத் திட்டத்தின் கீழ் தத்தெடுக்கப்பட்டது. அங்குள்ள முகலாயர் கால வேட்டை மாளிகையைச் சீரமைத்து ஊரைச் சுற்றுலா இடமாக்கும் யோசனையும் பேசப்பட்டது. மாளிகை காக்கப்பட வேண்டியதே. எனினும், இந்தியாவின் உணவு வரலாற்றில் இடம்பெற்ற ஊருக்கு விருந்தினரை அழைக்க வேட்டை மாளிகை ஒன்றைத் தேட வேண்டியிருப்பது சற்று வினோதமானது. 2025 ஆகஸ்டில் சுவாமிநாதனின் நூற்றாண்டை ஒட்டிய பன்னாட்டு மாநாடு புசா வளாகத்தில் நடைபெற்றது. அவரது நினைவாக நாணயமும் அஞ்சல்தலையும் வெளியாயின. அவருடைய முறையைச் செயலாக்கிக் காட்டிய கிராமத்தைத் தலைநகருக்கு வரும் பயணியின் வழிகாட்டிக் கையேடுகளில் காண்பது அரிது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 2016-இல் புவிசார் குறியீடு பெற்ற பாசுமதி அரிசியின் விளைபகுதியில் பஞ்சாப், அரியானா முதலியவற்றோடு தில்லியும் அடங்கும். அதாவது சட்டப்படி தலைநகரமும் ஒரு பாசுமதி மாநிலம்.

இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ

ஜௌந்தியின் தர்க்கத்தை முற்றிலும் வேறான நோக்கத்திற்குப் பயன்படுத்திய ஊர் திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கம். நம்மாழ்வாரின் வழியில் செயல்பட்ட 'நெல்' ஜெயராமன் அங்கு தொடங்கிய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் ரகத்தில் 2 கிலோ விதை வாங்கும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. ஜௌந்தி உயர் விளைச்சல் ரகத்தைப் பெருக்கியது. ஆதிரெங்கமோ அவ்வகை ரகங்களால் ஓரங்கட்டப்பட்ட மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்றவற்றை மீட்டது. கொள்கையில் இரு துருவங்கள் என்றாலும் இரண்டிலும் வெளியூர்க்காரர் வருவதற்குக் காரணம் வயலே. வந்தவர் வாடிக்கையாளராகவோ கடன்பட்டவராகவோ திரும்புகிறார். ஊருக்கும் அவருக்கும் அடுத்த பருவம் வரை உறவு நீடிக்கிறது. ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமான பின்னர், பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாக்கும் தமிழக அரசின் திட்டம் அவர் பெயரில் அமைந்தது.

தங்கும் அறையும் தோட்டத்துக் காய்கறியும்

விதை எல்லா ஊருக்கும் பொருந்தாது. பெரும்பாலான கிராமங்களால் தர முடிந்தது உணவும், உறைவிடமும், ஒரு நாள் பண்ணை அனுபவமும்தான். மகாராட்டிரத்தின் பாராமதியை மையமாகக் கொண்டு 2005 முதல் வேளாண் சுற்றுலா நடைபெறுகிறது. குளிர்காலத்தில் இளஞ்சோளக் கதிரைச் சுட்டுத் தின்னும் 'ஹுர்டா' விருந்துக்காக மும்பை, புணே நகரவாசிகள் பண்ணைகளுக்குச் செல்வது அங்கு பழகிப்போன வழக்கம். 2020-இல் அம்மாநிலம் இதற்கெனத் தனிக் கொள்கையும் வகுத்தது. பண்ணையின் உரிமையாளரே விருந்தோம்புபவர் என்பது இம்முறையின் வலிமை.

இதைவிடக் கடினமான சூழலில் நடந்த முயற்சி கேரளத்தின் குமரகத்தில். வேம்பநாட்டு ஏரிக்கரையில் பெரிய விடுதிகள் வந்தபின் சுற்றுலா வளர்ந்தது. உள்ளூர் மக்களுக்கு அதில் கிடைத்த பங்கு சொற்பம் என்ற அதிருப்தியும் வளர்ந்தது. 2008-இல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கப்பட்டு, விடுதிகள் தங்களுக்கான காய்கறிகளையும் பிற பொருள்களையும் உள்ளூரிலேயே வாங்க ஒப்புக்கொண்டன. ஒப்பந்தம் எளிதாக இருந்தது, வழங்கல் எளிதாக இல்லை. விடுதியின் சமையற்கூடத்திற்கு நாள்தோறும் ஒரே தரத்தில், உரிய நேரத்தில், போதிய அளவில் காய்கறி தேவை. தனித்தனிச் சிறு விவசாயியால் அது இயலாது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலங்களில் பயிரிட்டன. 'சம்ருத்தி' என்ற பெயரில் விளைபொருள்களைத் திரட்டி விடுதிகளுக்கு அனுப்பும் அமைப்பு ஏற்பட்டது. விலையையும் தரத்தையும் முடிவுசெய்யக் குழுக்கள் அமைந்தன. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் 2013-ஆம் ஆண்டு விருதை இத்திட்டம் பெற்றது. விருதைவிட அந்த விலைக்குழுவே பிற மாநிலங்கள் கவனிக்க வேண்டியது. பயணி விடுதியில்தான் தங்குகிறார், பணமும் விடுதிக்குத்தான் செல்கிறது. ஆனால் அதன் ஒரு பகுதி கட்டாயமாக ஊருக்குள் திரும்பி வருகிறது.

நிலம் கைமாறும்போது

பயணி மாலையில் ஊர் திரும்பிவிடுவார். குடியேற வருபவர் நிலம் கேட்பார். ஊர் எவ்வளவு அழகாக விளம்பரப்படுத்தப்படுகிறதோ அவ்வளவு நில விலையும் ஏறும். அதில் விற்பவருக்கு ஒருமுறை லாபம், விற்க விரும்பாத பக்கத்து வயல்காரருக்குத் தன் மகனுக்கு இன்னும் அரை ஏக்கர் வாங்கித்தர முடியாத நிலை. இவ்விடத்தில் மாநிலச் சட்டங்கள் வெகுவாக வேறுபடுகின்றன. இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆவது பிரிவின்படி, அம்மாநில விவசாயி அல்லாதவர் அரசின் அனுமதியின்றி விளைநிலம் வாங்க முடியாது. கர்நாடகம் இத்தகைய தடையை 2020-இல் நீக்கியது. தமிழ்நாட்டில் விவசாயி மட்டுமே விளைநிலம் வாங்கலாம் என்ற விதி இல்லை. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டமும் ஹைட்ரோகார்பன் போன்ற குறிப்பிட்ட தொழில்களையே தடுக்கிறது, நிலம் கைமாறுவதை அன்று.

தில்லியின் நிலை இன்னும் சிக்கலானது. 1954-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் மாநகராட்சிச் சட்டத்தின் 507-ஆவது பிரிவின் கீழ் ஒரு கிராமம் நகர்ப்புறமாக அறிவிக்கப்பட்டதும் அச்சட்டம் அங்கு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்தது. தலைநகரில் 'பண்ணை வீடு' என்ற சொல் இன்று எதைக் குறிக்கிறது என்று தென் தில்லிவாசி ஒருவரைக் கேட்டால் போதும்: திருமண மண்டபம் அல்லது செல்வந்தரின் மாளிகை என்பார். அங்கு பண்ணை பெயரில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

தொழில் நிறுவனங்களைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு தெளிவு. 2020 பிப்ரவரியில் 6,865 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய திட்டத்தில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்ற இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மூன்றாண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாக உதவி. நிறுவனம் ஒன்று கிராமத்திற்குக் கொள்முதலுக்கு வரும்போது பேசுவதற்கு ஓர் அலுவலகமேனும் இருக்கிறது. உதவிக் காலம் முடிந்தபின் அமைப்பின் செயலாளருக்கு ஊதியம் யார் தருவது என்பது உறுப்பினர்களின் வியாபாரத்தைப் பொறுத்தது.

விருந்தினரைத் தங்கவைக்க நினைக்கும் விவசாயிக்கு இத்தகைய அமைப்பு இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட முத்ரா கடன் அவருக்கு உதவலாம். ஆனால் கிராமக் குடியிருப்புப் பகுதியில் பல வீடுகளுக்கு முறையான உரிமை ஆவணம் இருந்ததில்லை. ஸ்வாமித்வா திட்டத்தில் சொத்து அட்டை பெற்றவருக்கே வங்கியில் பேச்சு எளிதாகும். விவசாய வருமானத்திற்கு வருமான வரி கிடையாது. அறை வாடகையோ பயணியிடம் வசூலிக்கும் நுழைவுக் கட்டணமோ அச்சலுகையில் அடங்காது. இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவருக்கு முன்கூட்டியே யாரேனும் சொல்ல வேண்டும். புசா வளாகத்தில் உள்ள 'புசா கிருஷி' மையம் வேளாண் புத்தொழில் முனைவோருக்கு 'உப்ஜா', 'அரைஸ்' என்ற பெயர்களில் பயிற்சியும் நிதியும் வழங்கி வருகிறது. ஜௌந்திக்கு அன்று விதை நுட்பம் கற்பிக்கப்பட்டதைப் போல, விலை சொல்லவும் கணக்கு எழுதவும் விருந்தினரை எத்தனை பேரோடு நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் கற்பிக்கும் ஏற்பாடு சுற்றுலாக் கிராமங்களுக்கு எப்போது வரும் என்பதை இனி வரும் திட்ட அறிவிப்புகளில் பார்க்க வேண்டும்.