புற்றுநோயும் புண்ணியக் கணக்கும்

தாயாருக்கோ தகப்பனாருக்கோ புற்றுநோய் கண்டுவிட்டால், பிள்ளைகள் ஊராரிடம் பணம் சேர்த்து வைத்தியம் செய்வதென்பது இன்று நமது காரைக்கால் பிரதேசத்திலும், அடுத்துள்ள நாகை, தஞ்சைச் சீமைகளிலும் சாதாரணக் காரியமாகிவிட்டது. இதைக் கேவலமென்று நாம் சொல்ல வரவில்லை. பெற்றவளைக் காப்பாற்றப் பிறரைக் கேட்பதில் மானக்கேடு ஒன்றுமே கிடையாது. ஆனால், கேட்பவர்களும் கொடுப்பவர்களும் எந்த எண்ணத்தோடு அதைச் செய்கிறார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கின்றது.

நோய் கண்டவுடன் நடப்பது என்ன? முதலில் ஜாதகம் வெளியே வருகின்றது. சனி பிடித்திருக்கிறான் என்கிறான் சோசியன். திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகி, கட்டின துணியை அங்கேயே விட்டுவந்தால் பீடை தொலையுமென்கிறான். பக்கத்திலே வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி, நாகூருக்கு நேர்ச்சை என்று மதத்துக்கு மதம் செலவு வேறு. இவ்வளவும் முடிகிறவரையில் கட்டி வளராமல் காத்துக்கொண்டிருக்குமா? உடம்பிலுள்ள உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் புற்றுநோய். அதற்குச் சனியும் தெரியாது, சாமியும் தெரியாது. வாய், மார்பு, கருப்பைவாய் ஆகிய இடங்களில் வரும் புற்றை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். முற்றவிட்டால் லட்சம் லட்சமாய்க் கொட்டினாலும் கஷ்டந்தான். ஆகவே, பரிகாரத்தில் போன பணத்தைவிடப் பரிகாரத்தில் போன நாட்களே பெரிய நஷ்டமாகும்.

இனி முன்வினை என்கிறவர்களைக் கேட்கின்றோம். நோய் முன்வினைப் பலனென்றால் வைத்தியம் செய்வது கடவுள் தண்டனையில் குறுக்கிடுவதல்லவா? புகையிலையை மெல்லுகிறவனுக்கு வாயில் புற்று வருவது இந்த ஜென்மத்துப் புகையிலையாலா, போன ஜென்மத்துப் பாவத்தாலா?

நிற்க, கொடுப்பவர்கள் சங்கதிக்கு வருவோம். காரைக்கால் அம்மையார் பேரால் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீட்டு மாடிகளிலிருந்து கூடை கூடையாய் மாம்பழத்தை வாரி இறைக்கிறார்கள். அதே தெருவில் ஒரு குடும்பம் வைத்தியத்துக்கு உதவி கேட்டால், சில்லறையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, புண்ணியம் சேர்ந்ததாகக் கணக்கு எழுதிக்கொள்ளுகிறார்கள். இது நோயாளிக்குக் கொடுத்ததா, மோட்சத்துக்குக் கட்டிய முன்பணமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பாருங்கள். 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அம்மையார் தலைவிதியென்று உட்காரவில்லை. சாந்தி ஹோமம் தேடவில்லை. நோயாளிகளுக்கென்று ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று வருஷக்கணக்கில் பாடுபட்டு, பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 1952-ல் அடிக்கல் நாட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு சென்னை அடையாற்றில் ஆரம்பமானதுதான் புற்றுநோய் மருத்துவமனை. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அதற்காகவே உழைத்தார். ஒரு குடும்பத்தின் துக்கம் ஊராருக்கெல்லாம் உதவும் ஸ்தாபனமாயிற்று. உண்டியலில் போட்ட காசு இப்படி எந்த நோயாளிக்காவது படுக்கையானதுண்டா?

இன்னொன்றும் சொல்லுவோம். வைத்தியம் பிச்சையல்ல, வரி கொடுக்கும் பிரஜையின் உரிமை. புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. முதலில் இவற்றைக் கேட்டு வாங்கவேண்டும். ஆனால், காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். திரும்பத் திரும்பப் போய்வரும் பஸ் சத்தம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, இழந்துபோன கூலி இவைகளை யார் கொடுப்பது? ஊர்ப்பணம் வேண்டியது இதற்குத்தான்.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு ஊரிலும் ஜாதி, மதம் பாராமல் நாலு பேர் சேர்ந்து ஒரு வைத்திய உதவி நிதி வையுங்கள். திருவிழா வரிக்கு வீடு வீடாய்ப் போகிறவர்கள் இதற்கும் போகலாமே! வரவு செலவைப் பகிரங்கமாய் எழுதி ஒட்டுங்கள். ஒருவருக்குச் செலவானது போக மீதி அடுத்த நோயாளிக்கென்று இருக்கட்டும். அப்பொழுது எந்தப் பிள்ளையும் தன் தாயாரின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாய் அழுதுகொண்டு நிற்கவேண்டிய அவசியமிராது. மாரில் கட்டி தட்டுப்பட்டால், வாயில் புண் ஆறாமலிருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சனி பகவான் காத்திருப்பான், புற்று காத்திருக்காது.