சிறிய மீனுக்கு எதற்கு ஆறு முள்?

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் என் தம்பியின் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. பிடோக் நீர்த்தேக்கத்தில், மீன்பிடிக்க அனுமதி உள்ள கரையில் நின்றிருந்தோம். உள்ளங்கை அளவே இருந்த பீகாக் பாஸ் ஒன்றை நான் கரைக்கு இழுத்தேன். முள்ளைக் கழற்ற அவன் உதவிக்கு வந்தான். மீன் ஒரே ஒரு துள்ளு துள்ளியது. மீனின் வாயில் ஒரு முள், தம்பியின் விரலில் இன்னொரு முள். இரண்டுக்கும் நடுவில், பகுதிநேர வேலைச் சம்பளத்தில் நான் 28 வெள்ளி கொடுத்து வாங்கிய செயற்கை இரை.

மருந்தகத்தில் மருத்துவர் அந்த முள்ளைப் பின்னால் இழுக்கவில்லை. இழுத்தால் சதை கிழியும். நுனியை இன்னும் முன்னே தள்ளி, வெளியே வந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மீதியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “மீன் பிடிக்கப் போனியா, தம்பியப் பிடிக்கப் போனியா?”

அந்தக் கேள்விக்கு இப்போதுதான் எனக்கு ஒழுங்கான பதில் கிடைத்திருக்கிறது. தவறு அவசரத்தில் மட்டும் நடக்கவில்லை. கடையிலேயே நடந்துவிட்டது.

நம் நீர்த்தேக்கங்களில் மண்புழு, இறால், ரொட்டி எதையும் தூண்டிலில் மாட்டக்கூடாது. செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி. குடிக்கும் தண்ணீர் என்பதால் அந்த விதியில் எனக்குக் குறையில்லை. ஆனால், அதனால் முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கும் மாணவரும் நேரே செயற்கை இரைகள் தொங்கும் சுவரின்முன் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே கண்ணைப் பறிப்பவை, விரல் நீளத்தில் மீன்போலவே செய்த கடினமான இரைகள்தான். பல இரைகளில் வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு கொத்து. கொத்துக்கு மூன்று முள். ட்ரெபிள் என்பார்கள். மொத்தம் ஆறு முள்.

எந்த மீனுக்கு? கரையில் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சின்னஞ்சிறு பீகாக் பாஸ், திலாப்பியா, மாயன் சிக்லிட் வகைகள்தான். முதலாவது தென் அமெரிக்காவிலிருந்தும், அடுத்தது ஆப்பிரிக்காவிலிருந்தும், கடைசியானது மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து இங்கே குடியேறியவை. திலாப்பியாவின் வாய் ஐம்பது காசைக்கூட விழுங்காது. அதற்குமுன் ஆறு முள்ளைத் தொங்கவிடுகிறோம்.

நான் எப்படி அங்கே போய் மாட்டினேன் என்பதைச் சொன்னால் சிலருக்காவது பயன்படும். முதலில் வாங்கியது கோல். “கனமானதா வாங்கு, ரொம்ப நாள் உழைக்கும்” என்று நண்பன் சொன்னான். நானும் வாங்கினேன். தூண்டில்கோல் எப்படி வேலை செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வீசும்போது இரையின் எடை கோலை வளைக்க வேண்டும். வளைந்த கோல் நிமிரும் விசையில்தான் இரை பறக்கும். கனமான கோலை 3 கிராம் இரையால் வளைக்க முடியாது. அது காலடியிலேயே பொத்தென்று விழும். அதனால் பெரிய இரை வாங்கினேன். பெரிய இரையோடு பெரிய முட்களும் வந்தன. ஆக, கோல் வாங்கிய நாளிலேயே தம்பியின் விரலுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

கோலின் பிடிக்குச் சற்று மேலே, அது எத்தனை கிராம் இரைக்கு ஏற்றது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விலை அட்டைக்கு முன் அதைப் படியுங்கள். 1 முதல் 5 அல்லது 7 கிராம் வரை என்று இருந்தால் போதும். அதற்கு 1000 அளவு ரீல், 6 பவுண்டு நரம்பு. இன்னும் மெல்லிய நரம்பு நன்றாகப் பறக்கும்தான். ஆனால் கல்லிலோ வேரிலோ சிக்கினால் சட்டென்று அறுந்து, இரையும் நரம்பும் தண்ணீரிலேயே கிடக்கும். அறுந்த நரம்பில் பறவையும் உடும்பும் சிக்கும். இரைக்கு, 2 கிராம் ஈயத்தலை கொண்ட ஒற்றை முள்ளும் அதில் செருகும் இரண்டு அங்குல ரப்பர் மீனும் போதும். ஒரு பொட்டலம் சில வெள்ளிதான். நிறத்தைப் பற்றி நண்பர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். அந்த நிறங்களில் பாதி மீனைப் பிடிக்க அல்ல, நம்மைப் பிடிக்கத்தான் என்பது என் சந்தேகம்.

பிறகு ஒரு குறடு. முள்ளின் நுனிக்குக் கீழே, மீன் நழுவாமலிருக்கத் தலைகீழாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் ஒரு நசுக்கு நசுக்கிவிட வேண்டும். மருத்துவர் வெட்டி எறிந்தது அதைத்தான். அது மட்டும் நசுங்கியிருந்தால், அன்று தம்பியின் விரலிலிருந்து முள்ளை வந்த வழியே எடுத்திருக்கலாம்.

“எதிர்முள் இல்லன்னா மீன் தப்பிச்சிடும்டா” என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தப்பிக்கத்தான் செய்கிறது. நரம்பைத் தளரவிட்டால் போய்விடும். இறுக்கமாகவே வைத்திருந்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறவர்கள்தானே? எப்படியும் விடப்போகிற மீன் பத்து விநாடி முன்னதாகத் தானே போய்விட்டால் என்ன நஷ்டம்? ஆறு முள்ளில் மாட்டிய சிறுமீனைக் கழற்றுவதற்குள் அதன் கண்ணும் செவுளும் படும் பாட்டை ஒருமுறை கிட்டே நின்று பார்த்தவர்கள் என்னோடு வாதிட மாட்டார்கள்.

எனக்குப் பொருள் விற்ற கடைக்காரர் மீது கொஞ்சம் வருத்தம் உண்டு. “என்ன மீன் பிடிக்கப் போற தம்பி?” என்று அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. பெரிய மீன் பிடிக்கும் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் காட்டி, இதே வேண்டும் என்றேன். அவர் எடுத்துக் கொடுத்தார்.

தம்பியை மறுபடி அனுப்ப அம்மாவுக்கு நான்கு மாதம் பிடித்தது. இப்போது அவனிடம் மெல்லிய கோல் ஒன்று இருக்கிறது. கண்ணாடி போடாமல் கரைக்கு வருவதில்லை. வீசுவதற்கு முன், பின்னால் மெதுவோட்டக்காரர்கள் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறான். புதிதாக ஓர் இரையைக் கையில் கொடுத்தால், அதன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் குறடு எங்கே என்று கேட்கிறான். போன சனிக்கிழமை அவனுக்கு மூன்று மீன், எனக்கு ஒன்றுமில்லை.