தொழிலாளர் சட்டப் பாடம்

சட்டப் பட்டப்படிப்பில் தொழிலாளர் சட்டத்திற்கு இரண்டு கட்டாயத் தாள்களை இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் ஒதுக்கியுள்ளன. 29 சட்டங்களை அகற்றிவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ளது. பாடமும் மாறியாக வேண்டும்.

பழைய பிரிவு எண்களுக்குப் பதில் புதியவற்றை மனனம் செய்விப்பதோடு அம்மாற்றம் முடிந்துவிடலாகாது. ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவை என்ற பாதுகாப்பு, 1976இல் 300 தொழிலாளர்களைக் கொண்ட ஆலைகளுக்குக் கிடைத்தது. 1982 திருத்தம் அவ்வரம்பை 100ஆகக் குறைத்து, மேலும் பலரைக் காத்தது. புதிய தொகுப்பு மீண்டும் 300 ஆக்கிவிட்டது.

பெற்றதையும் பறிக்கப்பட்டதையும் அறியாத வழக்கறிஞர், வேலையிழந்து வரும் தொழிலாளிக்காக எதைக் கொண்டு வாதாடுவார்? பாடத்திட்டத்தைத் திருத்தும் பல்கலைக்கழகங்கள் இவ்வரலாற்றையும் கட்டாயப் பாடமாக்க வேண்டும்.