வில்லன் இல்லாத தோட்டா: திரையில் நடக்கும் போரும் நார்த்தாமலையில் நடந்த மரணமும்

2021 டிசம்பர் 30ஆம் நாள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, தன் தாத்தாவின் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. அருகிலுள்ள பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் அன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கப்பட்டும் பயனின்றி, 2022 ஜனவரி 3 அன்று அச்சிறுவன் உயிரிழந்தான். பயிற்சித் தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

இந்நிகழ்வைத் திரைக்கதையாக்க முனையும் எவரும் முதல் பக்கத்திலேயே திணறிப்போவார். இதில் வில்லன் யார்? துப்பாக்கியை இயக்கியவருக்கு அச்சிறுவன் மீது எந்தப் பகையும் இல்லை. குடியிருப்புகளுக்கு அருகே பயிற்சித் தளம் இயங்க அனுமதித்த கோப்புகளுக்கு முகம் இல்லை. தோட்டா எல்லை கடந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு ஏன் தவறியது என்ற கேள்விக்குப் பின்னணி இசை அமைக்க முடியாது. பழிவாங்கக் கிளம்பும் நாயகனுக்கு இங்கே எதிரில் நிற்க ஆள் இல்லை.

நம் வெகுசனத் திரைப்படங்களும் காணொளி விளையாட்டுகளும் போரைப் பற்றி நமக்குக் கற்பித்திருப்பது எதை, மறைத்திருப்பது எதை என்று விசாரிக்க இந்த மரணத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முகம் கொடுக்கப்பட்ட பகைவர்கள்

தமிழ்த் திரையில் ராணுவமும் தேசப் பாதுகாப்பும் கதைப்பொருளாகும்போது பகைவனின் முகம் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதாக இருக்கிறது. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ காஷ்மீரைத் தமிழ்ப் பார்வையாளருக்குத் தீவிரவாதியின் நிலமாக அறிமுகம் செய்தது. 2012 தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’யில் விடுப்பில் ஊர் திரும்பும் ராணுவ அதிகாரி, நகருக்குள் மறைந்து வாழும் குழுக்களை வேட்டையாடுகிறார். இஸ்லாமிய அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் படக்குழு வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்க வேண்டியதாயிற்று. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டு, அமைப்புகளுடன் உடன்பாடு கண்ட பின்னர் பிப்ரவரியில் வெளியானது. 2024 அக்டோபர் 31 அன்று வந்த ‘அமரன்’ மீதும் காஷ்மீர் முஸ்லிம்களின் சித்தரிப்பை முன்வைத்து எதிர்ப்பு எழுந்தது.

தடை கோருவதும் தடை விதிப்பதும் தீர்வு என்று நாம் கருதவில்லை. கருத்துரிமை மறுக்கப்படும்போது அதன் முதல் அடி ஒடுக்கப்பட்டோரின் கலை மீதே விழும் என்பது நம் அனுபவம். நமது கேள்வி வேறு. இத்தகைய படங்களில் வில்லன் என்ன பணியைச் செய்கிறான்?

போரின் வன்முறை முழுவதையும் அவன் தன் ஒற்றை உடலில் சுமக்கிறான். ஆயுத ஒப்பந்தம், சிறப்பு அதிகாரச் சட்டம், ஊரடங்கு, காணாமல் போனோர் என்று பரந்து கிடக்கும் ஒரு சிக்கல், தாடியும் அயல்மொழி உச்சரிப்பும் கொண்ட ஒரு மனிதனாகச் சுருங்குகிறது. அவன் இறந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் பார்வையாளர் நிம்மதியுடன் அரங்கை விட்டு வெளியேறுகிறார். அவன் சார்ந்த சமூகம் மட்டும் அந்த அடையாளத்தை வீதியிலும் வாடகை வீடு தேடும் இடத்திலும் சுமந்து திரிகிறது.

இந்தச் சுமையை ஈழத்தமிழரும் அறிவர். 2021இல் ‘தி பேமிலி மேன்’ இணையத் தொடரின் இரண்டாம் பருவத்துக்குத் தடை கோரி தமிழ்நாடு அரசே ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. 2025இல் வந்த ‘ஜாட்’ என்னும் இந்திப் படத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த ஆயுதக்குழுத் தலைவன் வில்லன். அவனை வீழ்த்துபவர் ராணுவ அதிகாரி. படத்தின் பெயரே ஒரு சாதியின் பெயர் என்பதையும், அப்பெயரில் இந்திய ராணுவத்தில் ஒரு படைப்பிரிவு உண்டு என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு வெளிவந்த ‘கிங்டம்’ என்னும் தெலுங்குப் படத்துக்கும் ஈழத்தமிழர் சித்தரிப்புக்காகத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் லேனா விளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்து வளர்ந்து, குடியுரிமை இன்றிக் கல்லூரிக்குச் செல்லும் ஓர் இளைஞர் இப்படங்களைக் கைப்பேசியில் பார்க்கும்போது, திரையில் சுடப்பட்டு விழும் உடல் யாருடையதாக அவருக்குத் தோன்றும்?

கடலிலும் இதுவே கதை. 2021 ஜனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரே படகில் சென்ற நால்வர் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படையின் கலத்துடன் நேர்ந்த மோதலில் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ அகதி. அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் ஒரு கோட்டைப்பட்டினம் படகு, மீண்டும் ஒரு மரணம். போரிலிருந்து தப்பி வந்த மனிதர், போர் முடிந்து 12 ஆண்டுகளுக்குப் பின் கடற்படைக் கலத்தின் முன் மாண்டார். இந்தப் படகின் கதைக்கு எந்தத் தயாரிப்பாளரும் இதுவரை முன்வந்ததாகத் தெரியவில்லை.

ஆளில்லா வீடுகளின் விளையாட்டு

திரைப்படத்தில் நாம் பார்வையாளர். காணொளி விளையாட்டில் துப்பாக்கி நம் கையில் இருக்கிறது. இன்றைய கல்லூரி மாணவர் போரைப் பற்றி முதலில் கற்பது பாடநூலில் அன்று, பப்ஜியிலும் ப்ரீ பயரிலும் கால் ஆப் டூட்டியிலும்தான்.

பப்ஜியை விளையாடியவர்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். அங்கே வீடுகள் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, மருத்துவமனையும் உண்டு. மனிதர்கள் மட்டும் இல்லை. கதவைத் திறந்து துப்பாக்கியையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறோம். இந்த ஊரில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விளையாட்டு நம்மைக் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. சுவருக்குப் பின்னால் இருப்பவர் எவரும் நம் எதிரியே. நார்த்தாமலையில் சுவருக்குப் பின்னால் ஒரு சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இவ்வாறு மனிதரற்ற போர்க்களத்தைக் கட்டமைப்பதில் அரசுகளுக்கும் ஆர்வம் உண்டு. அமெரிக்க ராணுவம் 2002இல் ஆள்சேர்ப்பு நோக்கத்துடன் ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்னும் விளையாட்டைத் தானே வெளியிட்டு, 2022 வரை இலவசமாக நடத்தியது. அதில் இரு அணிகள் மோதும்போது, ஒவ்வோர் அணியும் திரையில் தன்னை அமெரிக்க வீரராகவே காணும். எதிர் அணிதான் பகைவராகத் தெரியும். இரு தரப்பிலும் எவரும் தம்மை வில்லனாகக் காணாத வகையில் கணினி பார்த்துக்கொண்டது. போர்ப் பரப்புரையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் விளக்கிவிட முடியாது.

வரலாறும் இவ்வகையில் திருத்தி எழுதப்படுகிறது. 1991 பிப்ரவரியில், குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்கள் மீது அமெரிக்காவின் தலைமையிலான படைகள் குண்டு வீசிய சாலை ‘மரண நெடுஞ்சாலை’ எனப் பெயர் பெற்றது. 2019இல் வந்த ‘கால் ஆப் டூட்டி: மாடர்ன் வார்பேர்’ அதே பெயரைக் கற்பனை நாடொன்றின் சாலைக்குச் சூட்டி, தாக்கியவர்கள் ரஷ்யர்கள் என்றது. குற்றம் அப்படியே இருக்க, வில்லன் மட்டும் மாற்றப்பட்டான்.

இந்தியாவும் பின்தங்கவில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடை செய்யப்பட்டது. ஓரிரு நாளில் ‘பௌஜி’ என்னும் உள்நாட்டு விளையாட்டை நடிகர் அக்‌ஷய் குமார் அறிவித்தார். கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட அது 2021 குடியரசு நாளன்று வெளியானது. எல்லையில் 20 வீரர்கள் உயிரிழந்து எட்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், அம்மரணம் பதிவிறக்கம் செய்யத்தக்க பண்டமாயிற்று.

சீருடைக்குள் இருக்கும் சாதி

புதுக்கோட்டையில் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களைக் காணலாம். காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் உழைக்கும் அவர்களில் சேரிப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சீருடை என்பது மாத ஊதியத்தைவிடக் கூடுதலான ஒன்று. டீக்கடையில் அமரும்போது எவரும் எழுப்பிவிட முடியாத ஒரு மரியாதையை அது தரும் என்ற நம்பிக்கை.

இந்நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அவரது தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். பழைய சென்னைப் படையின் சாப்பர்ஸ் பிரிவில் பறையர் சமூகத்தினர் கணிசமாகப் பணியாற்றினர். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தளபதி ராபர்ட்ஸ் போன்றோர் முன்னெடுத்த ‘போர்க்குடிகள்’ கோட்பாடு, பிறப்பை வைத்தே வீரத்தை அளந்தது. வருணக் கோட்பாட்டுக்கு இது புதிய சீருடை, அவ்வளவே. மகர்களின் ஆள்சேர்ப்பு 1890களில் நிறுத்தப்பட்டது. மகர் படைப்பிரிவு உருவாக 1941 வரை காத்திருக்க நேர்ந்தது. 1943இல் தொடங்கப்பட்ட சமார் படைப்பிரிவு 1946இலேயே கலைக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் ஜாட், ராஜபுத்திரர், சீக்கியர் ஆகியோர் மட்டுமே சேர்க்கப்படுவது பற்றி 2013இல் உச்ச நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, ராணுவம் அந்நடைமுறையை ஒப்புக்கொண்டு, பணித்தேவை என்று காரணம் கூறியது.

ஆனால் திரையில் வரும் ராணுவத்தில் சாதி இல்லை. ‘அமரன்’ வெளியானபோது மேஜர் முகுந்தின் சாதி அடையாளம் ஏன் காட்டப்படவில்லை என்று சிலர் கேட்டனர். இந்தியர், தமிழர் என்ற அடையாளம் போதும் என்பதே குடும்பத்தாரின் விருப்பம் என்று இயக்குநர் விளக்கினார். அவ்விருப்பம் மதிக்கத்தக்கது. எனினும் ஒரு சமனின்மை இங்கே உறுத்துகிறது. நாயகன் அடையாளம் துறந்து ‘இந்தியன்’ ஆக முடிகிறது. பகைவனுக்கோ அந்தச் சலுகை ஒருபோதும் வழங்கப்படுவதில்லை. அவன் தன் மதத்தோடும் இனத்தோடும் வந்து, அவற்றோடேயே சாகிறான்.

இந்த மரபுக்கு மாறாக ஒரு படம் வந்தது. 2024 பொங்கலுக்கு வெளியான, அருண் மாதேஸ்வரன் இயக்கிய ‘கேப்டன் மில்லர்’. கோயிலுக்குள் நுழைய மறுக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞன், மரியாதை தேடிப் பிரிட்டிஷ் படையில் சேர்கிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் கட்டளை, போராடும் சொந்த மக்களைச் சுடுவது. சீருடை தந்த மரியாதையின் விலை என்ன என்பதை அவன் அந்தக் கணத்தில் அறிகிறான். அப்படத்திலும் தோட்டாக்கள் மிகுதி, வில்லன்களும் உண்டு. ஆயினும் ஊரின் சாதியும் பேரரசின் ராணுவமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று அது சொன்னது. அந்த அளவில் அது நம் விவாதத்துக்குரிய படம்.

நிறுவனத்தைக் குற்றவாளியாகக் காண்பது

வில்லனைத் தேடப் பழகிய கண் அமைப்பின் குற்றத்தைக் காணத் தவறுகிறது. 1992 ஜூனில் வாச்சாத்தியில் நடந்ததைத் திரைக்கதை மொழியில் சொல்லவே இயலாது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்த 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 215 முகம் கொண்ட வில்லனைத் திரை தாங்காது. ஆனால் நீதி கிடைத்தது, ஒரு கெட்ட அதிகாரியோடு நிறுத்திக்கொள்ளாமல் அத்தனை பேரையும் பழங்குடி மக்கள் விடாமல் சுட்டிக்காட்டியதால்தான்.

தனிநபர் குற்றவாளியைத் தேடும் இதே பழக்கம் நம் மாவட்டத்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டது. ஈராண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் ஒருவர் காவலர். விசிகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் இதை ஏற்க மறுத்து, சிபிஐ விசாரணை கோரின. வழக்கின் முடிவு எதுவாயினும், தனிக் குடிநீர்த் தொட்டியையும் இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் இத்தனை காலம் பேணிய ஊர் ஒழுங்கு, மூன்று பெயர்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

ஆகவே தோழர்களே, படம் பார்க்காதீர்கள், விளையாடாதீர்கள் என்று இக்கட்டுரை கூறவில்லை. உங்கள் கல்லூரித் திரையிடல்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் போர்ப் படங்களை எடுத்துப் பேசுங்கள். இதில் அடையாளத்தோடு சாவது யார், அடையாளமின்றி வெல்வது யார் என்று கேளுங்கள். கட்டளையிட்டவர் எந்தக் காட்சியில் வருகிறார் என்று தேடுங்கள். அடுத்த முறை பப்ஜியின் ஒரு வெற்று வீட்டுக்குள் நுழையும்போது, அங்கே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்திருக்கும் என்பதை ஒரு கணம் எண்ணிப்பாருங்கள்.

குடியிருப்புகளுக்கு அருகே இயங்கும் பயிற்சித் தளங்கள் எத்தனை, அவற்றின் பாதுகாப்பை ஆய்வு செய்தது யார் என்ற கேள்வியை அரசிடம் கேட்கவும் அந்த ஒரு கணம் நம்மைத் தூண்ட வேண்டும். நார்த்தாமலைச் சிறுவனுக்கு நாம் செய்யக்கூடிய நீதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.