மிஞ்சியது இரண்டு கைகள்

1965 போரில் பாய்ந்த குண்டுகள் முரளிகாந்த் பேட்கரை இடுப்புக்குக் கீழே முடக்கிப்போட்டன. ராணுவத்தின் குத்துச்சண்டை வீரருக்கு மேடை அத்தோடு முடிந்தது. இழந்த கால்களை எண்ணிப் புலம்பியிருக்கலாம். மிஞ்சிய கைகளை நம்பினார். சிகிச்சைக்காக இறங்கிய நீச்சல் குளமே புதிய களமாயிற்று. 1972-ல் மேற்கு ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் தங்கம் அதுதான்.

பத்மஸ்ரீ விருது வந்ததோ 2018-ல். நடுவே 46 ஆண்டுகள். மனம் தளராதிருப்பது அவர் பொறுப்பு, நிறைவேற்றினார். அவரை மறக்காதிருப்பது நாட்டின் பொறுப்பு. தன்னம்பிக்கை உபதேசங்களில் இந்த இரண்டாம் பாதி மட்டும் ஏனோ விடுபட்டுப்போகிறது.