கடைப்புத்தகமும் கைக்காசும்



சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டப் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். “வாங்குகின்ற சம்பளமே போதவில்லை, இதில் எதைச் சுருக்குவது?” என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். குறைந்த ஊதியத்திற்குச் சிக்கனம் மருந்தாகாது. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அரிசியும் மீனும் விற்கும் விலையில் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது பெருந்தொகையன்று. ஊதிய உயர்வு கேட்பது தொழிலாளியின் உரிமை. ஆயினும், கைக்கு வந்த பணம் எவ்வழியே போகின்றது என்பதை அறிந்து வைத்திருப்பவனே அவ்வுரிமையை உறுதியோடு கேட்க முடியும் என்பது நமது கருத்து.

அவ்வழிகளுள் முதன்மையானது மளிகைக் கடையின் 555 புத்தகம். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு புத்தகத்தை அறியாத தோட்டத்து வீடு உண்டோ? அடைமழையில் பால்வெட்டு நின்றுபோன மாதங்களில் எத்தனையோ அடுப்புகளை அணையாமல் காத்தது அக்கடனே. எனவே கடைக்காரரை நாம் குறைகூறவில்லை. குறை, விலை கேளாமல் வாங்கும் பழக்கத்தில் இருக்கின்றது. “அம்மா எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்” என்று பொருளை வாங்கி வரும் சிறுவனுக்கு அதன் விலை தெரியாது. அனுப்பிய தாய்க்கும் தெரியாது. சம்பள நாளன்று மொத்தத் தொகை மட்டுமே கண்ணிற் படுகின்றது. இடையில் அச்சிறுவன் தனக்கென ஒரு புட்டி இனிப்பு நீரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பான்! (மாணவர்கள் சிரிக்க வேண்டா, உங்களைத்தான் கூறுகின்றோம்.)

அந்தப் புட்டியின் விலை 2 வெள்ளி எனக் கொள்வோம். நாள்தோறும் ஒன்று என்றால் ஆண்டுக்கு 730 வெள்ளி. மாதம் 26 நாள் உழைத்து 1,700 வெள்ளி பெறும் தந்தைக்கு அது ஏறக்குறைய 11 நாள் கூலி. விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரம் வெட்டிய 11 நாள்கள் இனிப்பு நீராய்க் கரைந்து போகின்றன. வீட்டில் காய்ச்சி ஆறவைத்த நீருக்கு இச்செலவு இல்லை, பல்லுக்கும் கேடில்லை.

தவணை முறையும் இத்தகையதே. 1,400 வெள்ளிக் கைத்தொலைபேசியை மாதம் 80 வெள்ளி வீதம் 24 மாதத் தவணையில் எடுத்தால் 1,920 வெள்ளி கட்டுகின்றோம். 520 வெள்ளி எதற்காகப் போயிற்று என்று நான்காம் ஆண்டு மாணவனே கேட்டுவிடுவான். கூட்டுப் பணம் பிடிப்போருக்கும் ஒரு சொல்: கூட்டு நிதி நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. பணத்தோடு ஆள் மறைந்தால் யாரிடம் சென்று முறையிடுவது?

வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் பசலையும் வைத்திருந்த வழக்கம் அருகி வருவது நமக்கு வருத்தமளிக்கின்றது. மண் இருக்கின்றது, மழை இருக்கின்றது. கீரையோ கடையிலிருந்து வருகின்றது. பிறந்தநாள் விருந்துகளைப் பற்றி நாம் எழுதத் தொடங்கினால் இம்மலர் போதாது. ஆனால் புத்தகம், எழுதுகோல், பிள்ளையின் காலைப் பசியாறல் ஆகியவற்றில் கைவைப்பதைச் சிக்கனம் என்று எவரும் கூறினால் நாம் ஒப்பமாட்டோம்.

இவ்வளவும் எதற்காக? தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான் நமது. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும், எங்கே போவது? ஊழியர் சேமநிதி ஒன்றே பலருக்குத் துணை. 2024ஆம் ஆண்டு முதல் அதிலும் ஒரு பகுதியை எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அவசரத்திற்கு அது உதவும். விருந்துக்கு எடுத்தால் வீட்டுக்கு இராது.

சிறுதொகையால் என்ன ஆகும் என்போர் நம் சொந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்பணத்தைக்கொண்டு தோட்டங்களையே வாங்கியது. அன்று பத்து வெள்ளி கொடுத்தவர்கள் நம்மைவிடக் குறைவாகச் சம்பாதித்தவர்கள்.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு வீட்டுக் கணக்கேடு வைத்திருக்க வேண்டுமென விரும்புகின்றோம். கடைக்குச் செல்லும்போது விலையைக் கேட்டு எழுதி வரட்டும். மாத முடிவில் தம் ஏட்டையும் 555 புத்தகத்தையும் ஒப்பிட்டுக் கூட்டிப் பார்க்கட்டும். கூட்டலில் ஐயமிருந்தால் ஆசிரியர்கள் உதவுவர். பிள்ளை வந்து “இதன் விலை என்னம்மா?” என்று கேட்கும்போது பெற்றோர் சினங்கொள்ளாமல் விடை கூறுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.